தேய்ந்த ரயில் றிமோட்டும் மட்டக்களப்பில் ஒரு திருத்தும் கடையும்

மாதிரி ரயிலின் றிமோட் பழுதானால் மாதிரி ரயில் விற்பவரிடம்தான் அதைக் கொண்டுபோக வேண்டும் என்று நினைப்பது இயல்பு. மட்டக்களப்பில் அப்படியொரு கடையைத் தேடுவது வீண் வேலை. கொழும்பில் நான் விசாரித்த விளையாட்டுப் பொருட்கடைகளும் விற்பதோடு தம் கடமையை முடித்துக்கொள்கின்றன. ஆனால் அகச்சிவப்பு ஒளியால் ஆணை அனுப்பும் றிமோட் எதுவானாலும் அதன் உள்ளே இருப்பவை தொலைக்காட்சி றிமோட்டில் இருப்பவைதாம்: றப்பர் பொத்தான் விரிப்பு, ஒரு மின்சுற்றுப் பலகை, ஒரு சில்லு (சிப்), முனையில் ஒரு எல்.ஈ.டி., பின்புறம் பற்றரி அறை. ஆகவே இதற்குரிய ஆள் தொலைக்காட்சி திருத்துபவரே. திருமலை வீதியிலிருந்து உள்ளே பிரியும் ஒரு குறுக்குத் தெருவில் பல காலமாக வானொலியும் தொலைக்காட்சியும் திருத்திவரும் ஒரு சிறு கடையைப் பற்றிய மதிப்பீடு இது. தம் பெயரையும் கடையின் பெயரையும் எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்த்திருக்கிறேன். அந்தத் தெருவில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் வாசல்வரை அடுக்கியிருக்கும் கடை அது ஒன்றுதான் என்பதால் தேடுபவர்களுக்குக் கடினம் இராது.

றிமோட் சுவிற்சர்லாந்திலிருந்து வந்தது. அங்கு வளர்ந்த மருமகன் விளையாடி முடித்த ரயில் தொகுதியை அக்கா ஊருக்கு வந்தபோது கொண்டுவந்து எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். எச்.ஓ. அளவைச் சேர்ந்தது, அதாவது உண்மை ரயிலின் 87இல் ஒரு பங்கு, தண்டவாள அகலம் 16.5 மில்லிமீற்றர். அந்த அகலம் ஐரோப்பாவின் 1,435 மில்லிமீற்றர்ப் பாதைக்குப் பொருந்துவது; மட்டக்களப்புக்கு உதயதேவி வந்துபோகும் நம்முடைய 1,676 மில்லிமீற்றர் அகலப் பாதையை அதே விகிதத்தில் சுருக்கினால் 19 மில்லிமீற்றருக்குச் சற்று மேல் வரும். பிள்ளைகள் இஞ்சினுக்கு உதயதேவி என்று பெயர் வைத்தபோது இதைச் சொல்லிப் பார்த்தேன். ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

தொகுதியின் அமைப்பை அறிந்தால்தான் பழுதின் தன்மை விளங்கும். சுவரில் செருகும் மின்வழங்கி ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டிக்கு மின் கொடுக்கிறது. பெட்டி தண்டவாளத்துக்கு மின் அனுப்புகிறது. எவ்வளவு மின், எந்தத் திசையில் என்பதைக் கையிலுள்ள றிமோட் பெட்டிக்குச் சொல்கிறது. வேகம் கூட்ட ஒன்று, குறைக்க ஒன்று, திசை மாற்ற ஒன்று, நிறுத்த ஒன்று, விளக்குக்கு ஒன்று என்று பொத்தான்களும், பக்கவாட்டில் அலைவரிசை தெரிவுசெய்யும் ஒரு தள்ளு சுவிச்சும் இருக்கின்றன. கடைசியாகக் கிடைத்த ஆணையைப் பெட்டி பிடித்துவைத்துக்கொள்ளும் என்பதைக் கவனிக்க வேண்டும். தொலைக்காட்சி றிமோட் வேலை செய்யாவிட்டால் அலைவரிசை மாறாது, அவ்வளவுதான். இங்கு நிறுத்தும் பொத்தான் வேலை செய்யாவிட்டால் ரயில் அதே வேகத்தில் வளைவுக்குப் போய்த் தடம்புரண்டு மேசையிலிருந்து விழும். எனவே இவ்வகை றிமோட்டில் "சில நேரம் வேலை செய்கிறது" என்பதும் பழுதுதான்.

எங்களிடம் வந்தபோதே அது அந்த நிலையில்தான் இருந்தது. வேகம் கூட்டும் பொத்தானைக் கட்டைவிரல் நோக அழுத்த வேண்டியிருந்தது. நிறுத்தும் பொத்தான் விரும்பியபோது மட்டும் கேட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டியிலிருந்து ஒரு மீற்றர் விலகினால் எந்தப் பொத்தானுக்கும் பதில் இல்லை. இவற்றைவிட விசித்திரமாக, புதிய பற்றரி போட்டு அலுமாரியில் சும்மா வைத்திருந்தாலும் சில நாட்களில் பற்றரி வெறுமையானது. தயாரித்த நிறுவனம் அந்த மாதிரியை விற்பதை நிறுத்திவிட்டிருந்தது.

கடையில் றிமோட்டைக் கொடுத்தபோது உரிமையாளர் முதலில் திருகாணி முடுக்கியை எடுக்கவில்லை. இந்தக் கடையைப் பற்றி நான் எழுத எண்ணியதற்கு முதற்காரணம் இதுவே. என்ன பழுது, எப்போது தொடங்கியது, மழைக்காலத்தில் கூடுகிறதா, கீழே விழுந்ததா என்று வைத்தியர் கேட்பதுபோலக் கேட்டுக் குறிப்புப் புத்தகத்தில் எழுதினார். பிறகு, "முதல்ல இது என்ன பேசுது எண்டு பாப்பம் சேர், பிறகு கழட்டுவம்" என்றார். பேசுகிறதா என்று பார்க்க அவர் வைத்திருந்த கருவி, கழித்த தொலைக்காட்சியிலிருந்து எடுத்த அகச்சிவப்பு வாங்கி ஒன்றையும் ஒரு சிவப்பு எல்.ஈ.டி.யையும் சிறு பலகையில் பொருத்திய கைவேலை. எதிரே ஏதேனும் றிமோட் 38 கிலோஹேர்ட்ஸ் துடிப்பில் சைகை அனுப்பினால் அந்தச் சிவப்பு விளக்கு மினுங்கும். இதே சோதனையைக் கைத்தொலைபேசிக் கமராவினாலும் செய்யலாம்; றிமோட் எல்.ஈ.டி. உமிழும் சுமார் 940 நனோமீற்றர் ஒளி கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கமராவுக்கு ஊதா நிறப் புள்ளியாகத் தெரியும். பல தொலைபேசிகளின் பின்கமராவில் இவ்வொளியைத் தடுக்கும் வடிகட்டி வலுவாக இருப்பதால் முன்கமராவில் பார்ப்பது நல்லது. ஆனால் கமரா ஒளி வருகிறதா என்று மட்டும் சொல்லும். அது சரியான துடிப்பில் வருகிறதா என்று சொல்லாது. அவருடைய கைவேலைக் கருவி இரண்டையும் சேர்த்துச் சொல்லும்.

இந்த வேறுபாடு சிறியதல்ல. பழைய வகை றிமோட் பலவற்றின் உள்ளே 455 கிலோஹேர்ட்ஸில் அதிரும் சிறு பீங்கான் துண்டு ஒன்று இருக்கும். அந்த அதிர்வைச் சில்லு 12ஆல் வகுத்து 38 கிலோஹேர்ட்ஸுக்கு மிக நெருங்கிய துடிப்பைப் பெறுகிறது. றிமோட் சீமெந்துத் தரையில் விழுந்தால் இந்தத் துண்டு உள்ளே வெடித்துவிடலாம். அந்த நிலையில் றிமோட் முற்றாக ஊமையாகும், அல்லது கமராவில் ஒளி தெரிந்தும் பெட்டி அதைப் புரிந்துகொள்ளாது. இரண்டாவது நிலையில் கமராவை நம்பி "றிமோட் நன்றாக இருக்கிறது, பெட்டிதான் பழுது" என்று முடிவுகட்டுபவர்கள் பெட்டியைத் தேவையில்லாமல் கிண்டிக் கெடுப்பார்கள். எங்கள் றிமோட்டில் இந்தத் துண்டுக்கு ஒன்றும் நேரவில்லை என்பது கடையின் வாசலிலேயே தெரிந்துவிட்டது.

அந்தச் சோதனையில் தெரிந்த மற்றொன்றை நான் எதிர்பார்க்கவில்லை. எந்தப் பொத்தானையும் தொடாமல் மேசையில் கிடந்தபோதும் சிவப்பு விளக்கு இடையிடையே மினுங்கியது. றிமோட் தானாகவே பேசிக்கொண்டிருந்தது. பற்றரி தீர்ந்த மர்மம் அங்கேயே அவிழ்ந்தது. பொத்தான்கள் ஒவ்வொன்றுக்கும் தனிக் கம்பி கிடையாது. அவை நிரல்களாகவும் நிரைகளாகவும் கோக்கப்பட்டிருக்க, எந்த நிரலும் எந்த நிரையும் தொட்டுக்கொண்டன என்று சில்லு மாறி மாறிப் பார்த்து எது அழுத்தப்பட்டது என்று அறியும். ஓரிடத்தில் ஏதோ படிந்து மின் கசிந்தால் அந்தப் பொத்தான் எப்போதும் அழுத்தப்பட்டதாகவே சில்லுக்குத் தோன்றும். அந்த நேரத்தில் வேறொரு பொத்தானை அழுத்தினால் சில்லு குழம்பும். நிறுத்தும் பொத்தான் விரும்பியபோது மட்டும் கேட்டதற்கும் இதுவே பாதிக் காரணம்.

திறந்தபோது விளக்குப் பொத்தானின் கீழே பழச்சாறு போன்ற ஏதோ ஒன்று என்றோ சிந்திக் காய்ந்த தடம் இருந்தது. சுவிற்சர்லாந்தின் சூடாக்கிய வீட்டுக் காற்றில் அது காய்ந்த கறையாகவே கிடந்திருக்கும். வாவியும் கடலும் இருபுறமும் கிடக்கும் நம் ஊரில், அதுவும் வடகீழ்ப் பருவமழை பெய்யும் கார்த்திகை, மார்கழியில், இனிப்புக் கறை ஈரத்தை இழுத்து மின்கடத்தியாகிவிடுகிறது என்று உரிமையாளர் விளக்கினார். வெளிநாட்டுச் சாமான் பல இங்கு வந்த முதல் மாரியிலேயே நோய்ப்படுவதற்கு அவர் சொல்லும் பொதுக் காரணமும் இதுதான். ஐசோபுறப்பைல் அற்ககோலில் நனைத்த மென்துணியால் பலகையைத் துடைத்து உலரவைத்ததும் தானாகப் பேசுவது நின்றது.

அடுத்து பற்றரிப் பக்கம். றிமோட் மூன்று ட்ரிபிள் ஏ பற்றரிகளில் இயங்குவது. புதியவை போட்டால் நாலரை வோல்ற்றுக்குக் குறையக் கூடாது. மல்டிமீற்றரைப் பற்றரிகளின் இரு முனைகளிலும் வைத்தபோது அந்த அளவு சரியாகக் காட்டியது. அதே முள்ளை மின்சுற்றுப் பலகையில் பற்றரிக் கம்பி வந்து சேரும் இடத்தில் வைத்து ஒரு பொத்தானை அழுத்தியபோது அளவு இறங்கியது. கிணற்றில் நீர் இருந்தும் கயிறு இற்றுப்போன நிலை. முன்பொருமுறை ஒழுகிய அல்கலைன் பற்றரி அதன் பொற்றாசியம் ஐதரொட்சைட்டை ஸ்பிறிங்கின்மேல் விட்டுச் சென்று, நிக்கல் பூச்சைத் தின்று, வெண்பச்சைப் பொருக்காக உறைந்திருந்தது. அந்தப் பொருக்கு சேர்க்கும் தடை ஓரிரண்டு ஓம்தான் என்றாலும் எல்.ஈ.டி. துடிக்கும் கணத்தில் அதன் வழியே பாயும் மின் சிறியதல்ல. 200 மில்லிஅம்பியர் பாய்ந்தால் 2 ஓம் தடையிலேயே 0.4 வோல்ற் தொலைந்துபோகும். மீற்றர் காட்டுவதோ சராசரி. துடிப்பின் உச்சியில் வீழ்ச்சி அதைவிட ஆழமானது. இந்தத் துடிப்புக்கு உடனடி மின் கொடுப்பதற்கென்றே பலகையில் 100 மைக்ரோபரட் கண்டென்சர் ஒன்று இருந்தது. அதுவும் வயதாகி உலர்ந்து கொள்ளளவு குறைந்திருந்தது. தொலைவு ஒரு மீற்றராகச் சுருங்கியதற்கு இவ்விரண்டும் சேர்ந்தே காரணம்; இவற்றோடு எல்.ஈ.டி.யின் கால் ஒன்றில் ஈயப்பற்று மயிரிழை விரிசல் கண்டிருந்தது. முன்னால் துருத்திக்கொண்டு நிற்கும் பாகம் அது. ஒவ்வொரு முறை விழும்போதும் முதல் அடி அதற்குத்தான்.

தேய்ந்த றிமோட்டில் ஒரே ஒரு பெரிய பழுதைத் தேடுபவர் ஏமாறுவார் என்பது இதிலிருந்து விளங்கும். கறை, பொருக்கு, உலர்ந்த கண்டென்சர், விரிசல் கண்ட ஈயம், தேய்ந்த பொத்தான் என்று ஐந்து சிறு குறைகள். அவற்றில் எந்த ஒன்று தனித்து இருந்தாலும் றிமோட் ஒருவாறு சமாளித்திருக்கும். ஒன்றைச் சரிசெய்துவிட்டு "இன்னும் வேலை செய்யவில்லையே, சில்லு போய்விட்டது" என்று குப்பையில் போடுவதே வழமை. இந்தக் கடைக்காரர் ஒவ்வொரு திருத்தத்துக்கும் பிறகு அந்தச் சிறு கருவியை எடுத்து மீண்டும் சோதித்தார். அது நேரத்தைத் தின்னும் வேலை. கவுண்டரில் நிற்பவர்கள் பொறுமை இழப்பதையும் பார்த்தேன்.

பொத்தான் வேலைதான் இந்தத் திருத்தத்தின் சாரம். றப்பர் விரிப்பின் அடியில் ஒவ்வொரு பொத்தானுக்கும் கரி கலந்த கறுப்பு வட்டம் ஒன்று இருக்கும்; அழுத்தும்போது அது பலகையிலுள்ள சீப்புப் பற்கள் போன்ற இரு தடங்களையும் தொட்டு இணைக்கிறது. வட்டத்தின் தடை நல்ல நிலையில் சில நூறு ஓம் அளவில் இருக்கும்; சில ஆயிரம் ஓம்வரை சில்லு பொறுத்துக்கொள்ளும்; அதற்கு மேலே போகப் போகத்தான் விரல் நோக அழுத்த வேண்டியிருக்கிறது. எங்கள் றிமோட்டில் வேகம் குறைக்கும் பொத்தானின் வட்டம் சுமார் 300 ஓம் காட்ட, வேகம் கூட்டும் பொத்தானின் வட்டம் ஒரு இலட்சம் ஓமுக்கு மேலே காட்டியது. மருமகன் எந்தப் பொத்தானை அதிகம் விரும்பினான் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை. நிறுத்தும் பொத்தான் இரண்டுக்கும் இடைப்பட்டிருந்தது. காலப்போக்கில் றப்பரிலிருந்து கசியும் எண்ணெய்ப் படலம் அதன்மேல் படிந்திருந்ததே தவிர கரி தேயவில்லை. அதற்கு அற்ககோலால் மெல்லத் துடைத்தது போதுமானதாக இருந்தது.

தேய்ந்த வட்டத்துக்கு நம் வீடுகளில் மூன்று கைவைத்தியங்கள் வழக்கில் உண்டு. மூன்றையும் கடைக்காரர் மறுத்தார், நானும் அவர் பக்கமே. அரத்தாளால் தேய்த்தால் மேற்படலம் போய்ச் சில வாரம் நன்றாக வேலை செய்யும். ஆனால் மெல்லிய கரிப்படலமும் கூடவே போவதால் அடுத்த முறை தேய்க்க ஒன்றும் மிஞ்சாது. பென்சில் கரியைப் பூசினால் அது பொடியாக உதிர்ந்து பக்கத்துத் தடங்களுக்கு இடையே கிடந்து புதிய கசிவை உண்டாக்கும். சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளை வெட்டி ஒட்டுவது உடனே பலன் தரும். ஒட்டிய தாளின் விளிம்பு பலகையின் தடத்தைச் சுரண்டிக்கொண்டே இருப்பதால் பின்னர் பலகையே பாழாகும். தொலைக்காட்சி றிமோட்டென்றால் பலகை பாழானாலும் புதிய றிமோட் வாங்கலாம். மாற்று கிடைக்காத ரயில் றிமோட்டில் அந்தத் துணிவு கூடாது.

அவர் செய்தது மாற்றுறுப்புச் சிகிச்சை. கழித்துப்போட்ட தொலைக்காட்சி றிமோட் விரிப்புகள் நிறைந்த பிஸ்கட் பேணி ஒன்று அவரிடம் இருந்தது. அதிலிருந்து பொருத்தமான விட்டமுள்ள, அதிகம் பயன்படாத பொத்தானொன்றை, பெரும்பாலும் எவரும் தொடாத எண்விசைகளுள் ஒன்றை, தேர்ந்து, அதன் கறுப்பு வட்டத்தைச் சவர அலகினால் மிக மெல்லியதாகச் சீவி எடுத்தார். பழைய வட்டத்தையும் அதே தடிப்புக்குச் சீவினார். இல்லையென்றால் பொத்தான் உயர்ந்து, அழுத்தாமலே தொட்டுக்கொண்டிருக்கும். மீற்றரில் அளந்து பார்த்த பின்னரே ஒட்டினார். சுப்பர் குளூ சிலிக்கன் றப்பரைப் பிடிக்காது; பிடித்ததுபோலத் தோன்றிச் சில நாட்களில் உரிந்துவரும். எனவே சிலிக்கன் பசையையே பயன்படுத்தினார்.

இங்குதான் எனக்கு ஒரு மனக்குறை. அவர் எடுத்தது அலுமினிய யன்னல் பொருத்துபவர்கள் பயன்படுத்தும், திறந்தவுடன் வினாகிரி மணக்கும் சிலிக்கன். அந்த மணம் அசற்றிக் அமிலத்தினுடையது. பசை இறுகும்வரை அது ஆவியாக வெளிவந்துகொண்டே இருக்கும், மூடிய இடத்தில் செம்புத் தடங்களையும் ஈயப்பற்றையும் அரிக்கும். மின் சாதனங்களுக்கென்று அமிலம் வெளிவிடாத சிலிக்கன் வகை தனியாக உண்டு. இதை அவரிடம் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அந்த வகை இங்குள்ள இரும்புக் கடைகளில் கேட்டவுடன் கிடைப்பதில்லை, ஆகவே விரிப்பைப் பலகையோடு சேர்க்காமல் ஒரு நாள் திறந்த காற்றில் இறுகவிட்டு மணம் முற்றாகப் போன பிறகே மூடுவதாகச் சொன்னார். எங்கள் றிமோட்டை அவ்வாறே இரவு முழுவதும் தட்டில் திறந்து வைத்திருந்தார். நியாயமான சமாளிப்பு, ஆனாலும் சரியான பசை ஒரு குழாய் வாங்கி வைப்பது பெரிய செலவல்ல.

பற்றரி ஸ்பிறிங் விடயத்தில் என் அதிருப்தி இன்னும் சற்றுக் கூடியது. பொருக்கை வினாகிரி தொட்ட பஞ்சினால் நடுநிலையாக்கி, அற்ககோலால் கழுவி, சுரண்டி, மேலே ஈயம் பூசிக் கொடுத்தார். அல்கலைன் ஒழுக்குக்கு வினாகிரியோ தேசிக்காய்ச் சாறோ சரியான மருந்துதான், ஏனெனில் ஒழுகியது காரம். ஆனால் நிக்கல் பூச்சு போன ஸ்பிறிங் வெறும் இரும்பு. ஈயம் படாத வளைவுகளில் நம் உப்புக் காற்று உடனே வேலையைத் தொடங்கிவிடும். எதிர்பார்த்தபடியே சில மாதங்களில் துரு மீண்டும் தலைகாட்டியது. திரும்பக் கொண்டுபோனபோது மறுபேச்சில்லாமல், கூலியும் வாங்காமல், பழைய வானொலியொன்றிலிருந்து நல்ல ஸ்பிறிங்குகளைக் கழற்றி மாற்றிக் கொடுத்தார். முதலிலேயே அதைச் செய்திருக்கலாம் என்பதே என் கருத்து. கடற்கரையை அண்டிய கல்லடி, நாவலடிப் பக்கத்தவர்கள் கொடுக்கும்போதே ஸ்பிறிங்கை மாற்றித் தருமாறு கேட்டுக்கொள்வது நல்லது.

எல்.ஈ.டி.யின் காலுக்குப் புதிதாக ஈயம் வைத்ததும், கண்டென்சரை மாற்றியதும் சில நிமிட வேலை. முகப்பிலுள்ள கருஞ்சிவப்புப் பிளாஸ்ரிக் சன்னலின் கீறல்களைப் பற்பசையால் தேய்த்து மெருகேற்றியது, கேட்காமலே செய்து தந்தது.

இப்போது கூடத்தின் ஒரு சுவரிலிருந்து மறு சுவர்வரை, ஏறத்தாழ ஐந்து மீற்றர், ஆணை போகிறது. நிறுத்தும் பொத்தான் மெல்லத் தொட்டாலே நிறுத்துகிறது. வேகம் கூட்டும் பொத்தான் புதியதைவிடச் சற்றுக் கடினமாக இருக்கிறது. ஒட்டிய வட்டம் மூலவட்டத்தின் மென்மையைப் பெறாது, அதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். ஆனால் விறாந்தையில் மேசையைப் போட்டு மத்தியானத்தில் ஓட்டினால் மறுபடியும் தொலைவு சுருங்குகிறது. இதற்கு றிமோட்டையோ கடையையோ குற்றம் சொல்ல முடியாது. வெயிலிலும் அதே அகச்சிவப்பு ஒளி நிறைய இருப்பதால் பெட்டியின் வாங்கி கண் கூசி நிற்கிறது. பெட்டியின் முகத்தை வெளிச்சத்துக்கு எதிர்ப்புறம் திருப்பி வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். திருத்திய றிமோட்டைச் சோதிப்பவர்கள் முதலில் உள்ளறையில் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் இல்லாத பழுதுக்குக் கடைக்காரரோடு மல்லுக்கட்ட நேரிடும்.

செலவு: கூலியும் கண்டென்சரும் சேர்த்து 1,800 ரூபாய். பற்றுச்சீட்டுக் கேட்டால் எழுதித் தருகிறார், கேட்காவிட்டால் தருவதில்லை. ஐரோப்பாவில் பாவித்த றிமோட் ஒன்றை வாங்கி அனுப்புவித்தால் தபாற்செலவும் சுங்கமும் சேர்ந்து 15,000 ரூபாயைத் தாண்டும் என்று கணக்கிட்டிருந்தேன்; வந்து சேர்வதும் தேய்ந்த ஒன்றாக இருக்கக்கூடும். மூன்றாவது வழியாக, காத்தான்குடிக் கடைகளில் கிடைக்கும், பிற றிமோட்டின் சைகையைக் கற்றுக்கொள்ளும் பொது றிமோட்டை நண்பர்கள் பரிந்துரைத்தார்கள். அது நல்ல துணைவழி. பழைய றிமோட் உயிரோடு இருக்கும்போதே அதன் சைகைகளைக் கற்பித்து வைத்தால் பின்னர் அவசரத்துக்கு உதவும். பழையது ஊமையான பிறகு கற்பிக்க ஒன்றும் இல்லை. ஆனால் மலிவான பொது றிமோட்டுகள் சில, பொத்தானை அழுத்திப் பிடித்தாலும் சைகையை ஒருமுறை மட்டுமே அனுப்புகின்றன. வேகத்தைப் படிப்படியாகக் கூட்டும் ரயிலுக்கு அது எரிச்சலூட்டும். கடைக்காரர் திருத்தியபின் தாமாகவே இந்த யோசனையைச் சொன்னார். சொன்னதோடு, தாம் அவற்றை விற்பதில்லை என்றும் சொன்னார்.

எல்லா வகை ரயில் றிமோட்டுக்கும் இந்தக் கடையைப் பரிந்துரைக்க முடியாது. கல்முனையில் உள்ள நண்பரொருவர் தண்டவாளத்தின் வழியே எண்முறைச் சைகை அனுப்பும் தொகுதி வைத்திருக்கிறார்; அதன் கைப்பிடி வடத்தால் இணைக்கப்பட்டது, வேகத்துக்குப் பொத்தானுக்குப் பதிலாகச் சுழற்றும் குமிழ் கொண்டது. குமிழை மெல்லத் திருப்பினால் வேகம் துள்ளிக் குதிக்கிறது என்று இதே கடைக்குக் கொண்டுவந்தார். அப்படிப்பட்ட குமிழ்களில் இரு வகை உண்டு. ஒன்று வானொலியின் ஒலிக்குமிழ் போன்ற மாறுதடை. கரிப்பாதை தேய்ந்தோ அழுக்கேறியோ இருந்தால் தொடுகை துடைக்கும் திரவம் தெளித்து, அதுவும் போதாவிட்டால் அதே பெறுமானமுள்ள இன்னொன்றைப் போடலாம். மற்றது முடிவில்லாமல் சுழன்று படிகளை எண்ணும் குறியாக்கி. தேய்ந்தால் ஒரு படியை இரண்டாக எண்ணும், அல்லது முன்னுக்குத் திருப்பப் பின்னுக்கு எண்ணும். நண்பருடையது இரண்டாவது வகை. கடைக்காரர் திறந்து பார்த்து, அதே கால் அமைப்புள்ள உறுப்புத் தம்மிடம் இல்லை, கிட்டத்தட்டப் பொருந்துவதைப் போட்டுப் பார்க்கத் தமக்கு விருப்பமில்லை என்று கூலி வாங்காமல் திருப்பிக் கொடுத்தார். ஆனால் வடத்தின் செருகி அருகே உள்ளே அறுந்திருந்த ஒரு கம்பியைக் கண்டுபிடித்துச் சரிசெய்தார். அதற்கு மட்டும் கூலி. நண்பர் ஏமாற்றத்தோடு திரும்பினாலும் எனக்கு அது கடையின் மதிப்பைக் கூட்டியது. புளூடூத்திலோ வேறு வானொலி அலையிலோ இயங்கும் புதிய றிமோட்டுகளில் பொத்தான், பற்றரி அறை ஆகியவற்றின் பழுது வரை இவர் பார்ப்பார். இஞ்சினோடு றிமோட் சோடி சேரவில்லை என்பன போன்ற குறைகளுக்கு இவரிடம் போவதில் பயனில்லை.

குறைகளுள் பெரியது நேரம். "நாளைக்கு வாங்க சேர்" என்பதை நாளைக்கு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. தொலைக்காட்சி வேலை வந்தால் றிமோட் தட்டின் அடிக்குப் போய்விடும். தைப்பொங்கல், சித்திரைப் புத்தாண்டு, நோன்புப் பெருநாள் காலங்களை ஒட்டிக் கொடுப்பது உசிதமல்ல. தொலைபேசியில் கேட்டால் பதில் கிடைப்பது அரிது. நேரில் போய் நின்றால் கண்முன்னே எடுத்துச் செய்கிறார். கடை காலை ஒன்பது மணிக்குப் பிறகு திறக்கிறது, ஞாயிறு பூட்டு.

கொண்டுபோகும்போது றிமோட்டோடு கட்டுப்பாட்டுப் பெட்டியையும், அதன் மின்வழங்கியையும், இரண்டு துண்டுத் தண்டவாளத்தையும், இஞ்சினையும் எடுத்துச் செல்வது நல்லது. அவருடைய கருவி றிமோட் பேசுகிறதா என்று சொல்லும், அந்தப் பேச்சைப் பெட்டி கேட்கிறதா என்பதைப் பெட்டிதான் சொல்ல வேண்டும். பற்றரிகளைக் கழற்றித் தனியாகக் கொடுக்கவும்; பழைய பற்றரியோடு கொடுத்தால் அது அவருடைய தட்டில் காத்திருக்கும் காலத்திலேயே ஒழுகக்கூடும். மின்வழங்கியை அவர் திறப்பதில்லை. 230 வோல்ற் நேரடியாக வரும் விளையாட்டுச் சாமானைத் திருத்திப் பிள்ளைகளின் கையில் கொடுக்க மாட்டேன், அது பழுதானால் பெட்டிக்கு அதே அளவு வோல்ற் கொடுக்கும் புதியதை வாங்குங்கள் என்கிறார்.